நட்சத்திர நோட்டுக்கு வைத்த பொட்டு

ஒரகடத்தில் கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் எங்கள் ஆலையில், கடைசிப் பரிசோதனை மேசை கனகலட்சுமி அக்காவுடையது. கீறல், குமிழி எதுவும் அவரைத் தாண்டிப் போகாது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற பெருமையோடு டிரெய்னியாகச் சேர்ந்த என்னை அவர் அருகில்தான் நிறுத்தினார்கள்.

அக்காவுக்கு நட்சத்திர ரூபாய் நோட்டு என்றால் பைத்தியம். பருத்தி இழைத் தாளில் படமும் எழுத்தும் ஏறி, வரிசை எண்ணும் விழுந்த பிறகு பழுது தெரிந்தால், அச்சகத்தில் அந்த நோட்டை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பார்கள். அந்த மாற்று நோட்டின் எண்ணுக்கு நடுவே சின்ன நட்சத்திரம் இருக்கும்.

“நம்ம லைன்ல ரிஜெக்டுக்கு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்றோம். அங்க, பதிலா வர்றவனுக்கு நட்சத்திரம் குத்துறாங்க. இன்னா மரியாத பாரு!” என்பார்.

பென்னலூர் பால் கடையில் சில்லறையோடு அப்படியொரு பத்து ரூபாய் நோட்டு அக்கா கைக்கு வந்தது. ஒரு மடிப்புகூட இல்லை. வாலாஜாபாத்தில் நோட்டு சேகரிக்கும் விமல்ராஜ் அதைப் பார்த்துவிட்டு, தர மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொன்னார். எழுபது புள்ளிக்கு மதிப்பிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித் தருவார்களாம். புழங்காத நோட்டென்றால் அறுபதும் அதற்கு மேலும் கிடைக்கும். அக்காவுக்கு அந்த அறுபது வேண்டும். எங்கள் யாரையும் நோட்டைத் தொட விடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அக்காவின் கணவர் டில்லிபாபு எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். ஸ்டியரிங், ஸ்பேனர், வீட்டு மிக்சி என்று வரிசையாகப் பொட்டு வைத்தவர், நோட்டின் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். சண்டை அடுத்த ஷிப்ட் பஸ்ஸில் எங்கள் எல்லோர் முன்னாலும் நடந்தது.

“இன்னாயா, உன்ன யாரு பொட்டு வெக்கச் சொன்னது?”

“வூட்டுக்குப் புதுசா எது வந்தாலும் வெக்கிறதுதானே? உன் நோட்டு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?”

“பாவம் நான்தான் பண்ணேன், உன்னக் கட்டிக்கினு!”

பின் இருக்கையில் யாரோ விசிலடித்தார்கள்.

“ஈரத்துணியால தொடச்சு அயர்ன் பண்ணிட்டா, அக்கா?” என்றேன்.

“கழுவுனது, தேச்சது எல்லாம் கண்டுபுடிச்சிருவாங்க. பூசி மறைச்ச கண்ணாடிய நான் வுடுவேனா? கறையோடயே போவட்டும்.”

மதிப்பெண்ணுக்காகவே இத்தனை வருடம் படித்தவன் நான். குறையும் என்று தெரிந்தே அனுப்ப எனக்கு மனசு வருமா? இன்னும் தெரியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் விமல்ராஜ் உறையை ஆலை வாசலுக்கே கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து. உறைக்குள் இருந்த மதிப்பெண் சீட்டின் அடியில், மூலைகளில் கறை என்று ஒரு குறிப்பு.

பஸ்ஸிலிருந்து குதித்து வந்த டில்லிபாபு அதைப் படித்துக் காட்டச் சொன்னார்.

“பாத்தியா ராசாத்தி, உன் நட்சத்திரத்தோட என் கைவேலையும் எழுதிக்கீறான்!”

அக்கா முறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று டீ இடைவேளையில் உறையைத் தானே என் கையில் கொடுத்தார். எண்ணெய்க் கை, டீ சிந்திய கை, மைதா ஒட்டிய கேன்டீன் கை என்று அது மேசை மேசையாகப் போனது. ஒருவன் தட்டிப் பார்த்தான், ஒருத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“எவ்ளோ நேரம் வெச்சுக்குவ? அடுத்தவங்களுக்குக் குடுமே!” என்று அக்கா தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.