சுட்டியனுக்கு ஒரு கையெழுத்து

அரியாலையில் எனக்கு ஒரு சின்ன மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, அரிசி அரைத்துக் கொடுப்பேன். கதைக்க வராத எனக்கு ஏற்ற தொழில். மெசின் ஓடும்போது யாரும் என்னிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

மகள் வேலை செய்வது நல்லூரில், ஒரு ரியூசன் சென்ரருக்கு மேல்மாடியில். நாலைந்து பேர் சேர்ந்து ஃபோனில் விளையாடும் கேம் செய்கிறார்கள். இந்த முறை மாட்டுவண்டிச் சவாரி. உண்மையான சவாரித்திடல், உண்மையான மாடுகள், திடலோரம் உண்மையான கடைகளின் விளம்பரப் பலகைகள்.

ஒருநாள் பின்னேரம் இரண்டு படிவங்களோடு மில்லுக்கு வந்தாள். நான் மெசினை நிற்பாட்டினேன்.

"அப்பா, வெளிநாட்டுக் கார் கேமுகளிலை கார் செய்யிறவை, ரேஸ் ஓடுற இடத்துக்காரர், போர்டு வைச்சிருக்கிற கொம்பனி எல்லாரிட்டையும் எழுத்திலை அனுமதி வாங்குவினம். வாங்காமல் பேரைப் போட ஏலாது. நாங்களும் அப்பிடித்தான் செய்யிறம்."

திடலுக்கு விளையாட்டுக் கழகம் கடிதம் கொடுத்துவிட்டதாம். குளிர்பானம் விற்கும் ஒரு கூல்பார்க்காரர் தன் பலகை ஒரு சுற்றுக்கு எத்தனை தரம் தெரியும் என்று கேட்டாராம். சவாரி நேராக ஓடி முடிவது, சுற்றே கிடையாது என்று இவள் சொல்ல, "அப்ப முடியிற இடத்திலை போடு பிள்ளை, எல்லாரும் அங்கைதானே பாப்பினம்" என்றாராம். சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுப் படிவங்களை நீட்டினாள்.

ஒன்று கறுவலுக்கு. மற்றது சுட்டியனுக்கு.

கறுவல் என் அண்ணையின் மாடு. சுட்டியன் என்னுடையது. இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டி அண்ணைதான் ஓட்டுவார். நான் சனத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். எங்கள் சோடி தோற்றதைவிட வென்றதுதான் அதிகம்.

மனைவிக்கு ஒப்பரேசன் என்று வந்தபோது சுட்டியனை வன்னிக்கு விற்றேன். அண்ணையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தன் மாட்டை விற்றுத் தந்திருப்பார். எனக்கு அதுதான் பயம். மனைவி சுகமாகி வீட்டுக்கு வந்தாள். அண்ணை கொடிகாமத்திலிருந்து வந்து பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், வெறும் மாட்டுக் கொட்டிலையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் வரவேயில்லை. கறுவலை வேறு எந்த மாட்டோடும் பூட்டவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். போய்ப் பேச எனக்கு வாய் வரவில்லை. அப்படியே வருடங்கள் போய்விட்டன.

"நீங்கள் சுட்டியனுக்குப் போடுங்கோ. நான் பெரியப்பாட்டைப் போய்க் கறுவலுக்கு வாங்கிறன்" என்றாள் மகள்.

பேனையை எடுத்தேன். கையெழுத்துப் போடும் கோட்டுக்குக் கீழே 'பெயரின் உரிமையாளர்' என்று அச்சடித்திருந்தது. மாட்டின் உரிமையாளர் என்று இல்லை.

கன்றை வாங்கி வந்த அன்று அண்ணை அதன் நெற்றியைத் தடவினார். சுண்ணாம்பு தொட்ட விரலால் வைத்ததுபோல அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி. "உவன் சுட்டியன்" என்றார். மாடு நான் வாங்கியது. பெயர் அவர் வைத்தது.

"கையெழுத்துக் கிடைக்காட்டி என்ன செய்வியள்?"

"ஒரு எழுத்தை மாத்திப் போடுவம், அப்பா. சுட்டியன் சட்டியனாவான்."

இரண்டு படிவங்களையும் வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். "நான் போறன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கேமில் வரும் சவாரிப் படத்தை என் ஃபோனில் ஏற்றித் தந்தாள்.

அடுத்தநாள் காலை பஸ் எடுத்துக் கொடிகாமம் போனேன். அண்ணை முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது.

"வா. இரு" என்றார். உரிப்பதை நிறுத்தவில்லை.

வழியெல்லாம் பாடமாக்கி வந்தது ஒன்றும் வரவில்லை. படிவங்களைத்தான் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு மெல்ல வாசித்தார். கறுவலுடையதில் உடனே கையெழுத்துப் போட்டார். மற்றதைத் தள்ளி வைத்தார்.

"இது உன்ரை மாடு."

"பேர் நீங்கள் வைச்சது, அண்ணை."

அவர் மறுபடி தேங்காயை எடுத்தார். "நீங்கள் போடாட்டி... சட்டியன் எண்டு போடுவினமாம்" என்றேன்.

"என்னது?"

"சட்டியன்."

"அவனென்ன கறிச் சட்டியோ!" என்று சத்தம் போட்டார். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அண்ணி சிரித்தது கேட்டது. "எங்கை, காட்டு உந்தப் படத்தை."

ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணுக்குக் கிட்டவாக வைத்து, நெடுநேரம் பார்த்தார்.

"பிழை. சுட்டியன் இடப்பக்கம் ஓடுறவன். இதிலை வலப்பக்கம் பூட்டியிருக்கு. உனக்கும் தெரியேல்லையோ?"

தெரியவில்லை. சனத்துக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான்.

"அதை மாத்தச் சொல்லு. மாத்தினால்தான் அனுமதி" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டுவிட்டார். படிவத்தைத் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "வித்ததுக்குக் கோவமில்லையடா, தம்பி. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் வித்தனீ."

"ஓம்" என்றேன். வேறு ஒரு சொல்லும் வரவில்லை. ஆனாலும் அவர் தலையாட்டினார்.

சாப்பிடாமல் போக அண்ணி விடவில்லை. பிறகு பஸ் ஏற்றிவிட அண்ணை என்னோடு சந்தைவரை நடந்து வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது என் தோளைத் தட்டினார்.

"உந்தக் கேமிலை மாட்டை விக்கவும் ஏலுமோ?"

"ஏலாது, அண்ணை."

"அப்ப நல்லது" என்றார்.