துருத்திக்காரனுக்குக் கண்ணீர் அஞ்சலி

என் மரணச் செய்தியை நான் ராயபுரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், ஆட்டோவிலிருந்து இறங்கும்போது படித்தேன். ஆள் உயரத்துக்கு மேலான ஃபிளெக்ஸ் பேனர். மேகங்கள், குத்துவிளக்குகள், சில புறாக்கள், நடுவே தங்க நிற வளையத்துக்குள் நான். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்றும் கீழே ‘எங்கள் சங்கத்தின் இசைக்குயிலே, எங்கே பறந்தாய்?’ என்றும் அச்சிட்டிருந்தார்கள். நான் எழுபதைத் தாண்டியவன், முழு வழுக்கை, என் குரல் வகுப்பறையின் கடைசி வரிசையை ஒருநாளும் எட்டியதில்லை. உயிரோடு இருந்தவரை என்னை யாரும் குயில் என்று அழைத்ததில்லை.

ஆட்டோக்காரர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் சீட்டின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்வதற்கு முன்னால் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராயபுரத்தில் ஒரு ப்ளூஸ் இசைச் சங்கம் இருக்கிறது. கப்பல் கயிறும் பழைய நங்கூரச் சங்கிலியும் விற்கிற கடையின் மாடியில் ஞாயிறுதோறும் பிற்பகலில் கூடுகிறது. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தாங்கள் பட்ட பாட்டைப் பாட்டாகவே பாடித் தீர்த்த முறை. ஒரு குறையை ஒரு வரியில் சொல்ல வேண்டும். அதே வரியை இன்னொரு முறை சொல்ல வேண்டும். மூன்றாம் வரியில் அந்தக் குறையின் மண்டையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய எந்தத் தெருவுக்கும் இந்த இலக்கணத்தைத் தனியாகக் கற்பிக்கத் தேவையில்லை.

சங்கத்தைத் தொடங்கியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கிட்டார் வாசிப்பவர். இந்த இசை தமக்கு ஒரு வெளிநாட்டு மாலுமி அன்போடு கொடுத்த கேசட்டில் வந்து சேர்ந்தது என்பார். அந்தக் கேசட் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது, பேரத்தின்போது தாமும் உடன் இருந்ததாகச் சொல்வார் பாய். பாய் வண்ணாரப்பேட்டையில் சட்டைப் பித்தான் வியாபாரம் செய்பவர், சங்கத்தில் மவுத்தார்கன். பாடுகிறவர் எர்ணாவூர்க் குடியிருப்பிலிருந்து வருகிற அம்மாள். கன்டெய்னர் யார்டு ஒன்றின் கேன்டீனில் சமைக்கிறவர். தம் குரலைப் பழக்கியது சாம்பார் அண்டாவும் லாரி டிரைவர்களும் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆர்மோனியம், என் மனைவி.

ப்ளூஸில் ஆர்மோனியமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு பியானோவை அந்த மாடிப்படியில் ஏற்றிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

என் மனைவி கணக்கு டீச்சர். பள்ளியில் காலை வணக்கப் பாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்து வந்தவள், ஓய்வுக்குப் பிறகு கடவுள் வாழ்த்திலிருந்து தண்ணீர் லாரிப் பாட்டுக்கு மாறினாள். அந்த மாற்றம் அவளைச் சிறிதும் உறுத்தவில்லை. நான் கூடவே போய் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பேன். பிறகு ஒரு பக்கவாதம் வந்து அவளுடைய இடது கையை எடுத்துக்கொண்டது. ஆர்மோனியத்தில் வலது கை கட்டையை அழுத்தும், இடது கை பின்னாலிருக்கும் துருத்தியை அசைத்துக் காற்றடிக்கும். கட்டைக்கு ஆள் இருந்தது, காற்றுக்கு இல்லை. சங்கம் கூடி ஆலோசித்தது. ஆலோசனை கிரேன்காரரின் ஒரே வாக்கியத்தில் முடிந்தது.

“டீச்சருக்கு ரைட்டு கை சோக்கா கீது. காத்துதான வோணும்? சாரு சும்மா பேப்பர் பட்ச்சிகினு குந்திகினு கீறாரு, அவரு அடிக்கட்டும்.”

குழாய்களில் காற்று எப்படிப் பாய்கிறது என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவன் நான். அதைக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தும் இருக்கிறேன். அன்றுமுதல் அவளுக்கு எதிரே அமர்ந்து துருத்தி அடித்தேன். சங்கம் எனக்குக் ‘காத்து சார்’ என்று பெயரிட்டது. “உங்க பட்டம் இப்பத்தான் ஒருத்தருக்குப் பிரயோஜனப்படுது” என்றாள் மனைவி. என் கைவேகம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. “காத்தடிக்கச் சொன்னா பாத்திரம் தேய்க்கிறீங்களே!”

சங்கத்தின் சிறப்பு ஒன்று உண்டு. மாடி ஜன்னலுக்கு நேர் கீழே துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் பாதை. வண்டி எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். வந்தால் தரை அதிரும், வேறு எதுவும் காதில் விழாது. மற்ற ஊர்களில் பாட்டை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். எங்கள் வழக்கம் அதுவல்ல. கிட்டாரும் மவுத்தார்கனும் குரலும் நின்றுவிடும். ஆர்மோனியம் மட்டும் அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்குமோ அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது யார் காதிலும் விழாது. அவள் விரலை எடுக்கமாட்டாள், நான் துருத்தியை விடமாட்டேன். கடைசிப் பெட்டி கடந்து இரைச்சல் வடிகிறபோது அந்தச் சுரம் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். எல்லோரும் அதில் ஏறிக்கொண்டு பாட்டைத் தொடர்வார்கள்.

ஒருமுறை அடையாறுப் பக்கத்திலிருந்து வந்த இசை விற்பன்னர் ஒருவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பன்னிரண்டு தாள அளவையில் முடிய வேண்டிய பாட்டு இவ்வளவு நீள்வது ஏன் என்று கேட்டார். “நடுப்புற கூட்ஸு வண்டி கீதே சார், அதையும் சேத்து எண்ணு” என்றார் கிரேன்காரர்.

சென்ற மாசியில் என் மனைவி இறந்தாள். அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குச் சங்கத்தார் வாத்தியங்களோடு வந்தார்கள். பாட்டு வேண்டாம் என்றேன். கீழ்ப்படிந்தார்கள். எர்ணாவூர் அம்மாள் கீழ்ப்படிந்த சத்தம் கேட்வரைக்கும் கேட்டது.

ஆர்மோனியம் திருவொற்றியூரில், எங்கள் ஃபிளாட்டில், சாப்பாட்டு மேசையின் அவள் பக்கத்து ஓரத்தில் இருந்தது. கடைசியாக வாசித்துவிட்டுத் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டியது அவள். அந்தக் கொக்கியை நான் கழற்றவில்லை. அவள் வாசித்ததில் மிச்சமான காற்று உள்ளே இருக்கிறது என்று எழுதினால், என்னிடம் படித்தவர்கள் தங்கள் பட்டங்களைத் திருப்பிக் கொடுக்க வந்து நிற்பார்கள். மரமும் தோலும் கொண்டு செய்த எந்தப் பெட்டியும் காற்றைச் சில நிமிடங்களுக்கு மேல் வைத்திருக்காது. கசிவின் வேகத்தை என்னால் கணக்கிட முடியும். நான் கணக்கிடவில்லை.

இந்த நிலையில்தான் சங்கம், டீச்சர் நினைவாக ஒரு ப்ளூஸ் கச்சேரி நடத்தத் தீர்மானித்தது. கிரேன்காரர் போன் செய்தார். “சார், பொட்டிய மட்டும் எட்த்துனு வா. கட்டைய நாங்க எப்டியாச்சும் பாத்துக்கறோம்.”

“வேறு பெட்டி ஒன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்” என்றேன். கச்சேரிக்கு வருகிறேன், பெட்டி வராது என்றும் சொன்னேன்.

பாய் போனைப் பிடுங்கியது கேட்டது. “வேற பொட்டியா? இன்னா சார் இப்டி பேஜாரு பண்ற? எம் பொயப்பே அந்தப் பொட்டியிலதான கீது!”

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஆர்மோனியம் பழையது. அதன் சுருதி உலகத்தின் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். கிட்டாரை முறுக்கி இறக்கிக்கொள்ளலாம். மவுத்தார்கனை இறக்க முடியாது. ஆகவே பாய் தம் மவுத்தார்கன்கள் எல்லாவற்றையும் பிரித்து, உள்ளிருக்கும் பித்தளை நாக்குகளைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டி, அவள் பெட்டியின் சுருதிக்குக் கொண்டுவந்திருந்தார். இனி அவை உலகில் வேறு எந்த வாத்தியத்தோடும் சேரா. “ஒலகம் ஒரு பக்கம், நானும் டீச்சரும் ஒரு பக்கம்” என்று அப்போது பெருமையடித்துக்கொண்டவர், இப்போது அந்தப் பக்கத்தில் தனியாக நின்றார்.

அதற்கும் நான் பெட்டி வராது என்றே சொன்னேன்.

கச்சேரிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அழைத்தார்கள். அன்றுதான் நான் மேற்படி பேனரைப் படித்தது. மாடியேறிப் போய்க் காரணம் கேட்டேன். கிரேன்காரர் தலையைச் சொறிந்தார். நானும் அவளும் பெட்டிக்கு இருபுறமும் அமர்ந்திருக்கிற படம் ஒன்றை அவர் ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பியிருக்கிறார்.

“பொட்டிகிட்ட குந்திகினு கீறவங்கன்னு கரீட்டாத்தான் சார் சொன்னேன். அவன் உன் மூஞ்சப் பாத்தான், இவருதான்னு முடிவு கட்டிட்டான்.”

“தப்பு அவன்ட்ட இல்ல நைனா,” என்றார் பாய், “அந்த போட்டோல சார் மூஞ்சி அப்டி கீது.”

“டீச்சரு அதுல சிரிச்சிகினு கீறாங்க. அஞ்சலிக்குச் சிரிச்ச மூஞ்சி எட்ப்பானா?” என்று வழக்கை முடித்துவைத்தார் எர்ணாவூர் அம்மாள்.

ஒத்திகை தொடங்கியது. ஆர்மோனியத்துக்குப் பதிலாகக் கிரேன்காரரின் செல்போனில், சுருதிப்பெட்டி போல ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கிற ஆப் ஒன்றை இறக்கியிருந்தார்கள். அது உலகத்தின் சுருதியில் பாடியது. பாய் அவருடைய சுருதியில் வாசித்தார். இரண்டுக்கும் நடுவே எர்ணாவூர் அம்மாள் தண்ணீர் லாரியைத் தேடினார். ‘லாரி வருதுன்னாங்க, வரிசையில நின்னேன்’ என்று ஒரு முறை, இன்னொரு முறை. மூன்றாம் வரிக்கு வாயைத் திறந்தபோது ரயில் வந்துவிட்டது. வழக்கப்படி எல்லோரும் நின்றார்கள். போன் மட்டும் பாட வேண்டும். தரை அதிர்ந்துகொண்டிருக்கையில் போனில் யாரோ அழைத்தார்கள், ஆப் நின்றது. இரைச்சலில் யாருக்கும் தெரியவில்லை. வண்டி கடந்ததும் அங்கே சுரம் எதுவும் இல்லை. கிட்டார் ஓரிடத்தில் தொடங்கியது, மவுத்தார்கன் வேறோர் இடத்தில், அம்மாள் மூன்றாவது ஓர் இடத்தில். தனிநபர் கடன் வேண்டுமா என்று போனில் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சங்கத்தில் நான் அதுவரை பார்த்திராத காட்சி அது. பாய் மவுத்தார்கனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“டீச்சருக்கு இன்னாத்துக்கு நெனவுக் கச்சேரி?” என்றார் எர்ணாவூர் அம்மாள். “இத்தக் கேட்டாங்கன்னா திரும்பி வந்து நம்மள பெஞ்சு மேல ஏத்திருவாங்க. சார், அந்தப் பொட்டிய இன்னா, ஊறுகாயா போட்டு வச்சிகினு கீற?”

“கொக்கியை அவள்தான் போட்டாள்” என்றேன். விளக்கம் அவ்வளவுதான்.

பாய் சொன்னார்: “அப்ப வோணாம் சார். அது அப்டியே இருக்கட்டும். இந்தக் கச்சேரியோட கடைய மூடிக்கலாம்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய் மேசையருகே அமர்ந்தேன். அவள் கொக்கி மாட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை வீட்டில் ஒரு முறை வாசித்துப் பார்ப்பாள். பிறகு ஒற்றைக் கையால் துருத்தியை மூடி, கொக்கியை மாட்டி, “ம், தயார்” என்பாள். எண்ணூர் நெடுஞ்சாலையின் பள்ளங்களில் ஆட்டோ குலுங்குகையில் துருத்தி திறந்து கிழிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கொக்கி. அவள் இறந்தது ஞாயிறு விடியற்காலையில். அந்தப் பெட்டி ராயபுரம் போவதற்காக மூடப்பட்டது. இத்தனை மாதங்களாக அது ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஏற்றினேன். மடியில்தான் வைத்துக்கொண்டேன்.

பேனர் இன்னும் அங்கேயே இருந்தது. புதிதாக அடிக்க வேண்டாம் என்று கிரேன்காரர் முடிவுசெய்து, அவளுடைய முகத்தை மட்டும் தனியாக அச்சிட்டு என் முகத்தின் மேல் ஒட்டியிருந்தார். கழுத்துக்குக் கீழே நான்தான்: என் கட்டம் போட்ட சட்டை, என் பாக்கெட், பாக்கெட்டில் என் பேனா. அந்தச் சட்டையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சற்று நேரம் நின்று பார்த்தேன். எனக்கு அந்தச் சட்டை ஒருபோதும் அவ்வளவு பொருந்தியதில்லை.

மாடியில் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியை வைத்துக் கொக்கியைக் கழற்றினேன். பெருமூச்சு எதுவும் வரவில்லை. துருத்தியின் மடிப்புகளிலிருந்து கொஞ்சம் தூசி மட்டும் எழுந்தது, பாய் தும்மினார். பிறகு ராயபுரத்துக் காற்றை உள்ளே அடித்தேன்: மீன், டீசல், கீழ்க்கடையின் தார்க்கயிறு வாசனை எல்லாம் சேர்ந்த காற்று. கட்டைகளுக்கு ஆள் இல்லை. கிரேன்காரர் ஒரு தீக்குச்சியைக் கட்டைகளுக்கிடையே செருகி, ஒரே சுரம் அழுந்தி நிற்கும்படி செய்தார். பாய் மவுத்தார்கனை வாயில் வைத்து ஓர் ஊது ஊதினார். இரண்டும் ஒன்றாய் நின்றன. அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

எர்ணாவூர் அம்மாள் எழுந்தார். தண்ணீர் லாரி என்று எதிர்பார்த்தேன்.

“டீச்சர் போனாங்கன்னு காத்தப் பூட்டி வச்சாரு சாரு…”

கூட்டம் சிரித்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் கணக்குப் படித்தவர்கள், தயக்கமில்லாமல் சிரித்தார்கள். அம்மாள் என் பக்கம் கையைக் காட்டி அதே வரியை இன்னொரு முறை பாடினார். மூன்றாம் வரிக்கு மூச்சை இழுத்தார்; ரயில் வந்தது.

எல்லோரும் நின்றார்கள். நான் அடித்துக்கொண்டிருந்தேன். என் காதில் எதுவும் விழவில்லை. எதிரே அவள் அமரும் பலகை காலியாக இருந்தது. தீக்குச்சி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நீளமான வண்டி. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பாத்திரம் தேய்க்காமல், மெதுவாக, அவள் சொன்ன வேகத்தில் அடித்தேன். கடைசிப் பெட்டி கடந்தது, தரை அடங்கியது, இரைச்சல் வடிந்தது. சுரம் அங்கே நின்றுகொண்டிருந்தது. அம்மாள் அதில் ஏறிக்கொண்டார்.

“கூட்ஸு வண்டி வந்து கூவுது, கதவத் தெறங்க காத்து சாரு!”

கிட்டார் வந்தது, மவுத்தார்கன் வந்தது, கைதட்டலும் வந்தது. கிரேன்காரர் குனிந்து என் காதருகே சொன்னார்: “சார், பாட்டு முட்ஞ்சி போச்சி. காத்த நிறுத்து.”

அடுத்த பாட்டு என்ன என்று கேட்டேன்.