பாட்டன் காலத்துச் சாமி

மொரப்பூர் ரயிலடியில் இறங்கி மேற்கே நடந்தால் கெம்பனஅள்ளி. அந்தக் காலத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு பொட்டல் கிடந்தது. ஆடு மேயக்கூடப் புல் கிடையாது. சேரி ஜனங்கள் கூலி வேலைக்கு ஆள் கூப்பிடும்வரை அங்கேதான் வெயிலில் காத்திருக்க வேண்டும். சின்னம்மாள் தன் தலைச்சன் பிள்ளையைப் பறிகொடுத்தது அந்தப் பொட்டலில்தான். தூளி கட்ட ஒரு கிளை இல்லாமல், பாறை நிழலில் துணி விரித்துப் படுக்க வைத்துவிட்டுக் களை வெட்டப் போனாள். நிழல் நகர்ந்துவிட்டதை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. விடிவதற்குள் போய்விட்டது.

அதனால்தான் முப்பத்தாறாம் வருஷம் நஞ்சப்பன் அந்தப் பொட்டலில் மரம் வைக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு போய் நின்றாள். நஞ்சப்பன் மணியக்காரரின் தம்பி மகன். சேலத்தில் படிக்கப் போய், படிப்பைப் பாதியில் விட்டு, கதரைக் கட்டிக்கொண்டு வந்தவர். பொய் பேசுவதில்லை என்று விரதம் வேறு. ஊர் அவரைப் பற்றிச் சிரிக்காத நாளில்லை. ஆனால் நல்ல மனுஷர். சேரி ஆளையும் ஊர் ஆளையும் ஒரே குழியில் இறக்கி வேலை வாங்க அவரால்தான் முடிந்தது.

திங்கட்கிழமைகளில் எருதுக்கு ஓய்வு, ஏர் பூட்டுவதில்லை. அந்த நாளில் சும்மா இருக்கும் ஊர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து குழி வெட்டினார்கள். பேச்சும் சிரிப்புமாக வெட்டினார்கள். வேம்பு, புங்கன், இச்சி என்று கன்றுகளை நட்டார்கள். அதோடு அவர்கள் உற்சாகம் தீர்ந்தது. தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டுமே, அது யார் தலையில் விடிந்தது என்று சொல்லவும் வேண்டுமா? ஊர்க் கிணற்றில் சின்னம்மாள் கை வைக்க முடியாது. ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கும்வரை குந்தியிருந்து, குடம் குடமாகச் சுமந்தாள். கூலி வேலை முடிந்து வந்த பிறகு இந்த வேலை. அவள் புருஷன் சின்னராஜ், “ஊரு மரத்துக்கு நீ எதுக்குடி கழுத்தொடியற?” என்று கேட்டு ஓய்ந்துபோனான்.

தண்ணீரையாவது சுமந்துவிடலாம். ஆடுகளை என்ன செய்வது? முள் அடைத்தார்கள், முள்ளை அடுப்பெரிக்கத் தூக்கிப் போனார்கள். மறுபடி அடைத்தார்கள், மறுபடி போயிற்று. நஞ்சப்பன் வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் பதிலுக்குக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். பாதிக் கன்றுகள் மொட்டையாக நின்ற ஒரு நாள் சின்னம்மாள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

“ஒரு கல்ல நட்டு மஞ்சத்துணி கட்டிடுங்க சாமி. முனியப்பன்னு சொன்னா ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க.”

நஞ்சப்பன் தயங்கினார். “அது பொய்யில்ல?”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. கல்லு நிக்கட்டும். அவங்களே சொல்லிக்குவாங்க.”

அவளே ஓடையில் தேடி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல்லை எடுத்துச் சும்மாடு வைத்துச் சுமந்து வந்தாள். நஞ்சப்பன் அதை நட்டார். மஞ்சள் அரைத்துப் பூசியதும் அவள் கைதான். இருவருமாகச் சிரித்துக்கொண்டார்கள். வேறு யாரும் பார்க்கவில்லை.

அவள் சொன்னபடியே நடந்தது. மறுநாளே ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். அடுத்த ஆடியில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அப்புறம் ஒருவரின் எருதுக்குக் கால் வீக்கம் வற்றியது, வேல் வந்தது. மணியக்காரர் மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது, கிடா வெட்டினார்கள். மரங்களும் போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தன. நாலைந்து வருஷத்தில் பொட்டல் தோப்பாகிவிட்டது. சின்னம்மாள் புங்க நிழலில் உட்கார்ந்து ராகிக் களி தின்ற நாட்களும் உண்டு. அவள் வாழ்க்கையில் அவை நல்ல நாட்கள்.

பிறகு ஊரில் ஒரு பூசாரியை வைத்தார்கள். அவன் முதல் வேலையாக அவளைப் பார்த்து, “ஏ சின்னம்மா, சாமி இருக்கிற இடம். அப்படி வெளிய போய் நில்லு” என்றான். அவள் நஞ்சப்பனைத் தேடிப் போனாள். அவர் முகம் சுண்டிவிட்டது. “கொஞ்சம் பொறுத்துக்க. நான் பேசறன்” என்றார். பேசவும் செய்தார். மணியக்காரர் கேட்டுக்கொண்டு, நஞ்சப்பனையே கோயில் தருமகர்த்தா ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டது.

யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து ஓடின. கரிக்கு மரம் வேண்டும். புறம்போக்கு மரங்களை வெட்ட உத்தரவு வாங்கிக்கொண்டு, ராஜாமணி என்ற காண்ட்ராக்டர் ஏஜெண்டு கோடாலி ஆட்களோடு வந்து இறங்கினான். வழிவழியாகக் கும்பிடும் சாமி இருந்தால் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று அவனுக்கு மேலிடத்து வார்த்தை. ஊரே கூடி, பழைய சாமி என்று சத்தியம் செய்தது. அவன் மசியவில்லை.

“மரத்தைப் பார்த்தா பத்து வருஷங்கூட இருக்காதே. சாமி மட்டும் பழசா?” என்றவன் கதர்ச் சட்டையைப் பார்த்தான். “பொய் சொல்லமாட்டீங்களாமே, நீங்க சொல்லுங்க.”

நஞ்சப்பன் வாயைத் திறக்கவில்லை. விரதம். எல்லோரும் அவரையே பார்க்க, அவர் தரையைப் பார்த்தார். ஏஜெண்டு சிரித்துவிட்டு, தோப்புக்கு வெளியே புல்லுக்கட்டோடு நின்ற சின்னம்மாளைக் கூப்பிட்டான். ஊர்க்காரர்கள் சொல்வதை நம்ப முடியாது, விரட்டி அடிக்கப்பட்டவள் உண்மை சொல்வாள் என்பது அவன் கணக்கு.

அவளுக்கு ஒரே நிமிஷம்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் சாமி கல்லாகிவிடும். அவளைத் துரத்தியவர்கள் மூக்கறுபடுவார்கள். அதை நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கோடாலிக்காரன் இதற்குள் புங்க மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க பாட்டன் காலத்துச் சாமிங்க. பழைய தோப்பு பஞ்சத்துல பட்டுப்போச்சு. இது மறுபடி வெச்சதுங்க” என்றாள்.

“நீ உள்ளே போய்க் கும்பிட்டிருக்கியா?”

பொய் என்று வந்த பிறகு அரைகுறையாகச் சொல்லி என்ன பயன்? ஏஜெண்டின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். “எங்களுக்கு உள்ள போற வழக்கமில்லீங்க. எங்க பாட்டனும் இங்கிருந்துதான் கும்பிட்டாரு.”

அதைக் கேட்டதும்தான் அவன் நம்பினான். கோடாலிகள் வண்டியேறின. மணியக்காரர் அவளுக்கு ஒரு படி ராகி கொடுக்கச் சொன்னார். நஞ்சப்பன் மட்டும் பின்னாலேயே வந்து, “உன்னை மறக்கமாட்டன் சின்னம்மா” என்றார். கண் கலங்கியிருந்தார். அதுவும் நிஜம்தான்.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்தது. எல்லா ஜாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்ததாக மொரப்பூரில் பேசிக்கொண்டார்கள். சின்னம்மாளின் மகன் காளியன் ரயில்பாதையில் கேங் வேலை பார்த்தான். அவனும் இன்னும் ஐந்து பேரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தேங்காய் பழத்தோடு தோப்புக்குப் போனார்கள். அடிதடி நடக்கும் என்று சேரியே நடுங்கிக் கிடந்தது. அடிதடி நடக்கவில்லை. மணியக்காரர் தன்மையாகத்தான் பேசினார்.

“இது கோயிலில்ல தம்பி, எங்க தோப்புச் சாமி. வழக்கம்னு ஒண்ணு இருக்கு. நான் சொன்னா நம்பமாட்ட. சர்க்கார் உத்தரவோட வந்த ஆளுகிட்ட உங்க ஆத்தாளே சொன்னா, பாட்டன் காலத்துலருந்து வெளிய நின்னுதான் கும்பிடறதுன்னு. ஊரே கேட்டுது. போய்க் கேளு.”

காளியன் வீட்டுக்கு வந்து கேட்டான். “சொன்னியா ஆத்தா?”

“சொன்னன்.”

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் கல் வந்த கதையை முதல் தடவையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் நிமிர்ந்தான். “அப்ப வா. வந்து அங்க சொல்லு” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனான்.

அவள் தோப்பு எல்லையில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஓடையில் கல் எடுத்தது, சுமந்தது, மஞ்சள் பூசியது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பூசாரி காதைப் பொத்திக்கொண்டான். மணியக்காரர், “அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?” என்று கேட்டார்.

“நஞ்சப்ப சாமிக்குத் தெரியும். அவரைக் கேளுங்க.”

நஞ்சப்பனுக்கு அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த மாதம் மகள் கண்ணம்மாளுக்குக் கல்யாணம். பெரியப்பா மணியக்காரர் வீட்டு முற்றத்தில்தான் பந்தல். அவர் சின்னம்மாளைப் பார்த்தார். காளியனைப் பார்த்தார். பிறகு, “எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமில்ல” என்றார்.

அந்த மனுஷர் பொய் சொல்லமாட்டார் என்பது ஊருக்கே தெரியுமே, அப்புறம் என்ன பேச்சு?

சின்னம்மாள் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “நான் மரத்துக்காகப் பொய் சொன்னங்க சாமி. நீங்க எதுக்காகச் சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

பூசாரி மணியை அடித்துப் பூசையைத் தொடங்கினான். காளியனும் மற்றவர்களும் தேங்காய் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்கள்.