மோர்த் போகும் பஸ்

மன்னார்–கொழும்பு பஸ்ஸைப் பதினேழு வருடம் ஓட்டிய றெனால்டுக்குக் கைவராத ஒரே வேலை சும்மா இருப்பது. கோயிலில் பூசை நடக்கும்போதுகூட, பிரசங்கம் தொடங்கியதும் மெல்ல எழுந்து வெளியே வந்து மதிலோடு நின்றுகொள்வார். சாப்பிட்ட கை காயுமுன் பள்ளிமுனைக் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய்வருவார். “இந்த மனிசன்ர காலுக்குள்ள சில்லுப் பூட்டிக் கிடக்கு” என்பாள் மனைவி எடித்.

அந்த மனிசனைத்தான் இரண்டு மாதம் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். மதவாச்சிக்கு இப்பால், நடுப்பகல் வெயிலில், காற்றுப்போன பின்சில்லைக் கழற்றித் தூக்கி நிமிர்ந்தபோது இடுப்பில் ஏதோ பிசகியது. அப்படியே தெருவோரத்தில் மல்லாந்துவிட்டார். கொண்டக்டர் ஷிராஸும் மூன்று பயணிகளும் சேர்ந்து அவரை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். முள்ளந்தண்டில் தட்டு விலகி நரம்பை அமத்துகிறது, வெட்டத் தேவையில்லை, படுக்கைதான் மருந்து என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

எடித் விடிய வெள்ளென நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போய்விடுவாள். மகள் டினோஜா மன்னார் ரவுணில் ஓர் அச்சகத்தில் கல்யாண அழைப்புக் காட்டுகளைக் கணினியில் வரைகிறவள். எட்டு மணிக்கு அவளும் கிளம்பிவிடுவாள். பிறகு வீட்டில் றெனால்டும் கட்டிலும்தான். தெருவால் போகிற வாகனங்களின் சத்தத்தை வைத்தே, எவன் எந்தக் கியரில் போகிறான், எவனுக்குக் கிளச் தேய்ந்திருக்கிறது என்று பிழை பிடிப்பார். புரள முடியாது. வலது கால் பெருவிரலை மட்டும் நாள் முழுக்க ஆட்டிக்கொண்டு கிடப்பார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஷிராஸ் கொண்டச்சியிலிருந்து பார்க்க வந்தான். தோடம்பழப் பையோடு தன் பழைய ரப் என்ற தொடுதிரைப் பலகை ஒன்றையும் கொண்டுவந்திருந்தான்.

“அண்ணை, இதில ஒரு விளையாட்டு இருக்கு. சண்டை, சுடுபாடு ஒண்டும் இல்லை. ஒரு ஊரில தபால்காரனா இருக்கிறது. பொழுது போகும்.”

“என்னை என்ன, சின்னப்பிள்ளை எண்டு நினைச்சியே?”

“நானும்தான் விளையாடுறன். எனக்கு முப்பத்திரண்டு வயசு.”

அந்த ஊரின் பெயர் கார்வின். எந்த நாட்டிலும் இல்லாத, விளையாட்டுக்காகவே உண்டாக்கிய துறைமுக ஊர். வெள்ளை மணல், வெளிச்சவீடு, நாற்பது ஐம்பது வீடுகள். தபால்காரன் கடிதங்களை வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு நாள் நமக்கு இருபது நிமிடம். ஊரைச் சுற்றி வேலி. கிழக்கே ஒரு வாசல். வாசலுக்கு அப்பால் வெள்ளைப் புகார் மூட்டம். அதற்குமேல் தபால்காரனால் போக முடியாது. வரைபடமும் கிடையாது.

மூன்று நாள் ஏனோதானோ என்று கடிதம் கொடுத்தார். நாலாம் நாள் காலை, விளையாட்டில் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, ஒரு பச்சைப் பஸ் அந்த வாசலால் வெளியே போவதைக் கண்டார். முன்கண்ணாடிக்கு மேலே ‘மோர்த்’ என்று பலகை. றெனால்டின் பெருவிரல் நின்றது.

பஸ் தரிப்பிடத்துக்குத் தபால்காரனை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே நேர அட்டவணை ஒட்டியிருந்தது. கார்வின் 6.10, இல்டன் 6.50, ஹேல் 8.50, மோர்த் 10.25. அன்று ஒருவருக்கும் கடிதம் போய்ச் சேரவில்லை. பின்னேரம் பஸ் திரும்பி வரும்வரை தபால்காரன் அந்தத் தரிப்பிடத்திலேயே நின்றான்.

அடுத்த நாளே டினோஜாவிடம் பெரிய கடதாசியும் அடிமட்டமும் கேட்டார். படுத்தபடியே கீற முடியாது என்பதால், கட்டிலருகே சுவரில் கடதாசியை ஒட்டிக் கையை எட்டிக் கீறினார். நேரத்தைத் தூரமாக்குவது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் கணக்கு ஓரிடத்தில் முட்டியது. வெளிச்சவீட்டில் ஏறித் தெற்கே பார்த்தால், குடாவுக்கு அக்கரையில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும் புகையும் தெரிந்தன. அதுதான் மோர்த் என்று இந்த விளையாட்டை விளையாடுகிறவர்களின் இணையக் குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கீறிய படத்தில் மோர்த் கரையோரமாக அரை மணித்தியாலப் பயணம். அட்டவணையில் நாலேகால் மணித்தியாலம் என்று போட்டிருக்கிறதே என்றால், அது அலங்காரத்துக்குப் போட்ட இலக்கம் என்றார்கள்.

டினோஜா அதை வாசித்துச் சொன்னபோது றெனால்டுக்குக் கோபம் வந்தது.

“தலைமன்னாரில நிண்டா இந்தியாக்காரன்ர சிக்னல் போனில விழுகுது. அதுக்காக அங்க பஸ்ஸில போகேலுமே? கண்ணுக்குத் தெரியிறது ஒண்டு, றோட்டு ஒண்டு.”

“அப்பா, விளையாட்டுச் செய்தவங்கள் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாங்கள். சும்மா போட்டிருப்பாங்கள்.”

“பஸ் ஓடினவனோ, ஓடினவனைக் கேட்டவனோதான் இதை எழுதியிருக்கிறான். இல்டனுக்கும் ஹேலுக்கும் இடையில பார், கூட நேரம். அதில தேத்தண்ணிக் கடை இருக்கு.”

டினோஜா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த ‘சும்மா’ என்ற சொல் அவரை அரித்தது. உண்மையில் சும்மா போட்ட இலக்கமாக இருந்தால்? இரண்டு கிழமையாக மல்லாந்து கிடந்து, ஒருவனும் நினைத்துப் பார்க்காத ஒரு தெருவையா சுவரில் கீறிக்கொண்டிருக்கிறேன்? எடித் சொதியை ஊற்றிக் கொடுத்தால் தட்டத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்.

“படுக்கச் சொன்னது முதுகுக்கு. உங்கட மண்டை அங்கால கொழும்புக்கு ஓடிக்கொண்டிருக்கு” என்றாள் எடித்.

“கொழும்புக்கு இல்லை. மோர்த்துக்கு.”

“எங்கயோ ஒரு இடம். சாப்பிடுங்கோ.”

மூன்றாம் கிழமை இரண்டு விஷயங்களைக் கவனித்தார். திரும்பி வருகிற பஸ்ஸின் சில்லுகளில் செம்மண். கார்வினில் செம்மண்ணே இல்லை. அப்படியென்றால் பஸ் கரையோரமாகப் போகவில்லை. உள்நாட்டுக்குள் இறங்கி ஏறி வருகிறது. இரண்டாவது, விளையாட்டில் மழை பெய்கிற நாளில் பஸ் பிந்தி வந்தது. அதைக் கண்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதுகு சுளீர் என்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் சரிந்தார்.

அன்று டினோஜா வேலையால் வந்து செருப்பைக் கழற்றவும் விடவில்லை.

“குழுவில எழுது பிள்ளை. இந்தக் கரையால நேரா ஒரு கோடு கீறினால், கொழும்புக்குப் போற வழியில புத்தளம் கிட்டத்தான். ஆனா நாங்கள் மதவாச்சி, அனுராதபுரம் எண்டு சுத்தித்தானே போறம். அதேமாதிரி மோர்த் பஸ்ஸும் கிழக்கால சுத்திப் போகுது. இடையில ஒரு தாம்போதி இருக்கு, தண்ணி றோட்டுக்கு மேலால பாயிற இடம். நான் சொல்லுறன், மழை பெய்யிற அண்டைக்கு பஸ் கொஞ்சம்தான் பிந்தும். மறுநாள்தான் நல்லாப் பிந்தும்.”

“மறுநாள் ஏன்?”

“மேல காட்டில பெஞ்சு, குளம் நிறைஞ்சு, மிச்சத் தண்ணி வான் பாய ஒரு நாள் எடுக்கும். என்னை எத்தினை தரம் மறிச்சு வச்சிருக்கு. அவங்களைப் பாக்கச் சொல்லு. நான் சொன்னது சரியெண்டால் அந்த றோட்டு இருக்கு. பிழையெண்டால் இந்தக் கடதாசியைக் கிழிச்சு அடுப்பில போடுறன்.”

அவர் தானே பார்த்திருக்கலாம். ஆனால் விளையாட்டில் மழை எப்போதாவதுதான் வரும்; பத்துப் பதினைந்து தடவை எண்ணினால்தான் நிச்சயம். ஆயிரக்கணக்கானோர் விளையாடுகிற குழுவில் அது ஒருநாள் வேலை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஒரே கேள்வி. “என்னவாம்?”

“ஒருத்தரும் பதில் போடேல்ல அப்பா.”

ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் ஷிராஸ் வந்தபோது றெனால்ட் தன் மனக்குறையைச் சொன்னார். ஷிராஸ் போனை எடுத்துக் குழுவைத் தேடிப் பார்த்துவிட்டு, “அண்ணை, அப்படி ஒண்டும் இதில வரேல்லையே” என்றான்.

டினோஜா குசினி வாசலில் நின்றிருந்தாள். முகம் சிவந்துவிட்டது.

“நான் போடேல்ல” என்றாள். “உலகம் முழுக்க இருந்து பாக்கிறாங்கள். தேத்தண்ணிக் கடை, குளம் வான் பாயிறது எண்டு எழுதினால் உங்களைப் பாத்துச் சிரிப்பாங்கள். எனக்கு அது ஏலாது.”

றெனால்ட் ரப்பைத் தலையணைக்குக் கீழே தள்ளினார். ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். ஷிராஸ் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழும்பினான். அவன் போனதும் றெனால்ட் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, டொக்டர் சொன்னதையும் எடித் கத்தியதையும் காதில் போடாமல், அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நாலு அடி போக, நாலு அடி வர. இருட்டும்வரை நடந்தார். அடுத்த நாள் கால் மரத்துப்போய் எழும்பவே முடியவில்லை.

டினோஜா அன்று வேலைக்குப் போகுமுன் சுவரிலிருந்த கடதாசியைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்துக் கணினியில் அதைத் திரும்ப வரைந்தாள். குடா, வெளிச்சவீடு, செம்மண் நிலம், தாம்போதி, புள்ளிக்கோட்டில் றோட்டு. கீழே அப்பா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினாள், தேத்தண்ணிக் கடையையும் விடாமல். ‘இதைக் கீறியவர் இலங்கையில் மன்னாரைச் சேர்ந்த பஸ் சாரதி றெனால்ட்’ என்று போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து, “போட்டிட்டன்” என்று மட்டும் சொன்னாள். றெனால்ட் தலையாட்டினார்.

சிரித்தார்கள்தான். விளையாட்டுக்கு யார் குளம் வெட்டியது என்று ஒருவன் கேட்டான். டினோஜா அதையும் மறைக்காமல் வாசித்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு கிடந்தார்.

நாலாம் நாள் போலந்து நாட்டுப் பெண் ஒருத்தி ஒரு பட்டியல் போட்டிருந்தாள். கூட்டாளிகளோடு சேர்ந்து விளையாட்டில் இருபத்தாறு மழைநாள்களை இருந்து பார்த்திருக்கிறாள். மழை பெய்த அன்று பஸ் கால் மணித்தியாலம் பிந்தியது. மறுநாள், வெயில் எறித்தும், ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் பிந்தியது. இருபத்தாறு தடவையும்.

“திரும்ப வாசி” என்றார் றெனால்ட்.

வாசித்தாள்.

“மறுநாள்தானே? நல்ல வெயிலிலயும்?”

“ஓம் அப்பா. மறுநாள்தான்.”

அவர் கையை நீட்டிச் சுவரில் கீறிய தாம்போதியில் உள்ளங்கையை வைத்தார். “அப்ப ஆரோ ஒருத்தர் யோசிச்சுத்தான் செய்திருக்கினம்” என்றார். டினோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடித்தைக் கூப்பிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். எடித் கடைசிவரை கேட்டுவிட்டு, “குளம் இருந்தால் வான் பாயும்தானே. இதுக்கேன் இவ்வளவு கூத்து” என்றாள்.

குழு தன் படத்தை மாற்றியது. டினோஜா வரைந்த புள்ளிக்கோடு அதில் ஏறியது.

இரண்டு மாதம் மூன்று மாதமானது. இனி நீண்ட தூரம் ஓடக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பஸ் முதலாளி அவரை மன்னார்–தலைமன்னார் ஓட்டத்தில் போட்டார். இடுப்பில் பட்டியைக் கட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் ஆகுமுன் கடல் வந்து மறித்துவிடுகிறது, திருப்ப வேண்டும், திரும்பவும் அதே தெரு. ஒரு நாளைக்கு ஆறு தடவை. இறாலைப் போத்தலுக்குள் போட்ட மாதிரி என்று ஷிராஸிடம் முறைப்பட்டார்.

விளையாட்டின் இரண்டாம் பாகம் தை மாதம் வந்தது. இந்த முறை வாசல் திறந்திருந்தது; பஸ்ஸில் ஏறலாம். டினோஜா முதலே பார்த்துவிட்டுப் போன் எடுத்தாள். “சொல்லாதை” என்று வைத்துவிட்டார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவாமல் கதிரையில் இருந்து, தபால்காரனைப் பஸ்ஸில் ஏற்றினார்.

செம்மண் வந்தது. தாம்போதி வந்தது, குளக்கட்டும் தெரிந்தது. ஹேலில் பஸ் நின்றது. அதற்குப் பிறகு, அவர் கீறியபடி கிழக்கே குடாவைச் சுற்றாமல், மேற்கே திரும்பி ஒரு மலையடிவாரமாகப் போனது. மோர்த் வெளிச்சவீட்டிலிருந்து தெரிந்த ஊரே அல்ல. அது வேறொரு ஊர்.

றெனால்ட் ரப்பை மேசையில் வைத்தார். தெருப் படலைவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். திரும்பவும் போனார்.

“தூரம் சரிதானே அப்பா. தாம்போதியும் சரி” என்றாள் டினோஜா.

“திசை பிழை. கிழக்கு வாசலால வெளிக்கிட்டால் கிழக்கதான் போகும் எண்டு நினைச்சிட்டன். மன்னாரில இருந்து பறையனாளங்குளம் வரைக்கும் கொழும்பு பஸ்ஸும் வவுனியா பஸ்ஸும் ஒரே றோட்டு. அங்கதான் பிரியுது. பதினேழு வருசம் பாத்த நான் அதை மறக்கலாமே?”

“குழுவில என்ன போட?”

“பிழை விட்டிட்டன் எண்டு போடு. ஏன் பிழை எண்டதையும் போடு.”

அவள் எழுதினாள். அவர் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் பார்த்தார். எழுதி முடிந்ததும், “அப்ப வெளிச்சவீட்டில இருந்து தெரியிற அந்த ஊருக்கு எதால போறது?” என்றார்.

“தெரியாது அப்பா. அங்க ஒருத்தரும் போனதில்லை.”

காலையில் ஐந்தரைக்கு முதல் ஓட்டம். எடித் இடுப்புப் பட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள், இன்னும் காயவில்லை. ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு கிளம்பினார்.