மேஸ்திரி குரல் வந்த வண்டி

போன வாரம் வரைக்கும் எங்கள் பேரூராட்சியில், இறந்துபோன ஒருவர் தினமும் காலையில் தெருத்தெருவாக வந்து குப்பை கேட்டுக்கொண்டிருந்தார். பேட்டரி வண்டியின் தலையில் கட்டியிருந்த சின்ன ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும். "தாய்மாரே, அக்கா தங்கச்சியே, குப்ப வண்டி வந்திருக்கு. மக்குறத பச்சக் கூடையில போடுங்க, மக்காதத நீலக் கூடையில போடுங்க. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து எங்க பொம்பளைங்க கையக் கிழிக்காதீங்க." அதன் பிறகு ஓர் இருமல். அப்புறம், உட்கார்ந்து காபி குடித்துவிட்டு எழுந்திருக்கிறவர் போல, "சரி, போயிட்டு நாளைக்கு வரேன்" என்பார். ஒரு நொடி சத்தமிருக்காது. மறுபடியும் தாய்மாரே என்று தொடங்கும். அந்த இருமலை எடுத்துவிடலாம் என்று பதிவு செய்த அன்றே நான் சொன்னேன். இருக்கட்டும், அதுவும் நம்ம இருமல்தானே என்று சொல்லிவிட்டார்.

சுகாதார மேற்பார்வையாளர் என்பது அவருடைய பதவியின் பெயர். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மேஸ்திரி என்றால் வேறு ஊர்களில் கொத்தனார் மேஸ்திரி நினைவுக்கு வருவார், எங்கள் ஊரில் குப்பை மேஸ்திரிதான். வேப்பந்தட்டைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் சோளமும் பருத்தியும் போட்ட குடும்பம் அவருடையது. வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போய் பேரூராட்சிக்கு வந்துவிட்டதாகச் சொல்வார். நான் அங்கே பரப்புரையாளராகச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்துக் கொடுங்கள், கடைக்கு மஞ்சப்பை கொண்டுபோங்கள் என்று சொல்லும் தற்காலிக வேலை. முதல் நாள் என் புதுச் சேலையையும் கையிலிருந்த துண்டறிக்கைகளையும் பார்த்துவிட்டு, "பேசுறது ஒன் வேல, நாறுறது எங்க வேலைன்னு அனுப்பிருக்காங்க போல. மொதல்ல எங்களோட கொஞ்ச நாள் நாறிட்டு வாம்மா, அப்புறம் போய்ப் பேசு" என்றார். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாட்கள் இல்லாவிட்டால் ஒரு வீட்டு வாசலிலும் என் பேச்சு எடுபட்டிருக்காது.

ஊருக்கு வெளியே ஏரிக்கரை வளையும் இடத்தை ஏரிக்கரை முக்கு என்போம். யாரும் பார்க்காத நேரத்தில் கோழிக்கடைக் கழிவையும் கல்யாண மண்டபத்து இலைகளையும் அங்கேதான் கொட்டுவார்கள். இறந்தவர்களின் படுக்கையும் அங்கேதான் போகும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், காரியம் முடிந்ததும் அவர் படுத்திருந்த பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் சுருட்டி ஊர் எல்லையில் போட்டுவிட வேண்டும். போட்டவர் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். கோரைப்பாயும் பஞ்சுத் தலையணையுமாக இருந்த காலத்தில் ஒரு மழைக்காலம் போதும், எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும். பிளாஸ்டிக் பாயும் நுரை மெத்தையும் வந்த பிறகுதான் சங்கடம். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பாய்கள் வெயிலிலும் மழையிலும் அப்படியே கிடந்தன. டவுன் பஸ் அந்த வளைவில் மெதுவாகத் திரும்பும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் சித்தப்பாவின் பாயை அவர் போய் வெகுகாலம் கழித்தும் நான் அங்கே பார்த்திருக்கிறேன். போனவர்கள் போகாமல் ஊர் வாசலிலேயே படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்த வளைவு வந்தால் இன்றைக்கும் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்கிறது.

திறந்தவெளியில் குப்பை குவியும் இடங்களை எல்லாம் ஒழிக்க வேண்டும் என்று அரசாங்கத்து உத்தரவு வந்தது. மேஸ்திரி பொக்லைன் வைத்து முக்கைச் சுத்தம் செய்தார். கொட்டினால் அபராதம் என்று பலகை நட்டார். பலகையை நம்பாமல், தூய்மைப் பணியாளர் பெண்களை விட்டு தினமும் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடச் சொன்னார். கோலத்தின் மேல் குப்பை கொட்ட எங்கள் ஊரில் யாருக்கும் கை வராது. கோழிக்கடைக்காரர்கூட வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மேலிடத்திலிருந்து வந்து படம் எடுத்துப் போனார்கள். எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

அந்தப் பெருமை அடங்குவதற்குள் ஒரு விடியற்காலையில், தாயைப் பறிகொடுத்த ஒருவர் சுருட்டிய பாயோடு முக்குக்கு வந்தார். சாவு வீட்டில் ரொம்ப நாளைக்கு வாசலில் கோலம் போட மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவருக்கு முன்னால் நாங்கள் பூக்கோலம் விரித்து வைத்திருந்தோம். அவரால் அதன்மேல் பாயைப் போட முடியவில்லை. எடுத்த பாயைத் திரும்ப வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. புளியமரத்தடியில் பாயை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வைக்கு வந்த மேஸ்திரி அதைப் பார்த்தார். அபராதப் பலகையையும் பார்த்தார். பிறகு அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "குடுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சாவு நடந்த வீட்டுக்கு நாங்களே போய்ப் படுக்கையை வாங்கிவருவோம். வாங்கியதை உரக்கிடங்கில் பிரிக்க வேண்டும். உரக்கிடங்குக்கு இப்போது வளம் மீட்புப் பூங்கா என்று பெயர் எழுதியிருக்கிறார்கள், பூ ஒன்றும் கிடையாது. பஞ்சு, கோரையெல்லாம் எருக்குழிக்குப் போகும். பிளாஸ்டிக்கையும் நுரையையும் வெட்டிக் கட்டுக்கட்டாக இறுக்க வேண்டும். பெண்கள் கத்தியைத் தொடவே மாட்டோம் என்றார்கள். "செத்தவங்க ஆச அதுலதான் இருக்கும் மேஸ்திரி, நாங்க புள்ளகுட்டிக்காரிங்க" என்றார் அவர்களில் மூத்த அக்கா. மேஸ்திரி அவர்களை அதட்டவில்லை. பாயின் முன்னால் போய் நின்று, இறந்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்லி, "ஒங்க வேல முடிஞ்சுது. போங்க" என்றார். அதற்குப் பிறகே முதல் வெட்டு. அதை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பெண்களுக்குப் பயம் தெளிந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. போங்க என்றுதான் சொல்ல வேண்டும். நம் வாயில் அது வராது. யாரை அனுப்பினாலும் போயிட்டு வாங்க என்றுதான் வரும். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் நாம் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை, பேசாமல் எழுந்து வந்துவிடுகிறோம். ஒரு நாள் மேஸ்திரி இல்லாதபோது மூத்த அக்கா பழக்கதோஷத்தில் ஒரு கிழவியின் பாயைப் பார்த்து, "போயிட்டு வாங்க ஆயா" என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் கை நின்றுவிட்டது. தகவல் தெரிந்து வந்த மேஸ்திரி, "ஏம்மா, அந்தக் கெழவி உசுரோட இருந்தப்பவே மருமவ படாதபாடு பட்டா. நீ வேற திரும்ப வரச் சொல்றியா" என்று சிரிக்கவைத்தார். ஆனால் சிரித்து முடித்ததும் பாய்க்கு முன்னால் போய், வரச் சொல்லாமல், தெளிவாகப் போங்க என்று சொல்லிவிட்டே வந்தார்.

இறுக்கிய கட்டுகள் லாரியில் அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைக்குப் போகும். வேறெதற்கும் உதவாததை அங்கே சூளையில் எரிப்பார்கள், சாம்பலும் சிமென்ட்டோடு கலந்துவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதை நான் வந்து மேஸ்திரியிடம் சொன்னேன். "அப்ப நம்மூரு செத்தவங்கல்லாம் யாரு வூட்டுச் செவுத்துலயோ நிக்கிறாங்கன்னு சொல்லு" என்றார். அந்த வருஷம் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பூசிய சுவரில் கை வைக்கும்போதெல்லாம் அவர் சொன்னது ஞாபகம் வந்து எனக்கு உடம்பு கூசும். இப்போதும் கூசுகிறது, அந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன்.

அவர் மனைவி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த பிறகும் படுக்கை உரக்கிடங்குக்கு வரவில்லை. அவர்களுக்கு ஒரே மகள், தையல்காரி, வீட்டோடு இருப்பவள். "அம்மா படுக்கைய எடுத்துட்டுப் போங்கப்பான்னா, நாளைக்கு எடுத்துட்டுப் போறேங்கறாருக்கா. தெனமும் அதத்தான் சொல்றாரு" என்று என்னிடம் வந்து அழுதாள். எடுத்துக்கொண்டு வரச் சொல்லி மேஸ்திரியிடம் யார் சொல்வது? ஊர் முழுக்கச் சொன்னவர் அவர்.

ஒரு காலையில் நாங்கள் கோலம் போட முக்குக்குப் போனபோது, முந்தின நாள் கோலத்தின் மேல் ஒரு பாயும் தலையணையும் கிடந்தன. தலையணை உறை ரவிக்கை வெட்டுத்துணிகளை ஒட்டித் தைத்தது. அந்தத் தையல் யாருடையது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். சற்று நேரத்தில் மேஸ்திரி வந்தார். குளித்து விபூதி பூசியிருந்தார். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். "யாரு போட்டது?" என்றார். மூத்த அக்கா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார். "விசாரிக்கணும். இப்பிடிப் போடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது" என்றார். வண்டியில் ஏற்றச் சொன்னார், யாரும் குனியவில்லை. கடைசியில் அவரே தூக்கிக்கொண்டார். முக்கில் போட்டுவிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடலாம். உரக்கிடங்குக்குக் கொண்டுவந்தால் முன்னால் நின்று போ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் அவர் விடியுமுன் அங்கே வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

உரக்கிடங்கில் எல்லாரும் சுற்றி நின்றோம். அவர் தலையணைக்கு முன்னால் நின்று மனைவியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயால் நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒன் வேல முடிஞ்சுது" என்றார். அடுத்து வர வேண்டிய போ வரவில்லை. மூத்த அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மேஸ்திரி ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "போயிட்டு வா" என்று சொன்னார். திருத்த அங்கே யாருக்கும் தைரியமில்லை. கத்தியை அவரே எடுத்து உறையைக் கிழித்தார். இலவம்பஞ்சு பறந்து எங்கள் தலையிலெல்லாம் ஒட்டியது.

அதன் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. வேலை செய்துகொண்டே இருப்பார், சட்டென்று திரும்பி, "கூப்புட்டியாம்மா?" என்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இல்லை சார் என்றால், சரி சரி என்று குனிந்துகொள்வார். முதலில் எனக்குப் பாவமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கும் பக்கம் நான் பார்ப்பதில்லை. பேட்டரி வண்டி புதிதாக வந்தது அந்தச் சமயத்தில்தான். அறிவிப்பை அவரையே பேசச் சொல்லி என் போனில் பதிவு செய்தேன். நன்றி, வணக்கம் என்று நான் எழுதிக்கொடுத்த முடிவை அவர் படிக்கவில்லை. "ஒரு வூட்டு வாசல்லேருந்து கெளம்புறப்ப நன்றின்னா சொல்லுவாங்க? போயிட்டு நாளைக்கு வரேன்னு சொன்னாத்தான் மொறை" என்றார்.

போன மழைக்காலத்தில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் பாயும் தலையணையும் உரக்கிடங்குக்கு வந்தன. அவர் வேலையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள், சொல்ல வேண்டியது என் முறை. அவர் பெயரைச் சொன்னேன். உங்கள் வேலை முடிந்தது, போங்க சார் என்று பிசகாமல் சொன்னேன். மறுநாள் காலையில் எங்கள் தெருவில் வண்டி வந்தது. போயிட்டு நாளைக்கு வரேன் என்றார். கூடையைக் கொட்டாமலே வாசலில் நின்றேன். மாற்றிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன், தினமும் அவர் வந்துகொண்டிருந்தார். தெருப் பெண்கள் அவர் சொன்னபடியே பிரித்துப் போட்டார்கள். உயிரோடு இருந்தபோது கேட்காதவர்களும் கேட்டார்கள்.

போன வாரம் அவர் மகள் ஆபீசுக்கு வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "அக்கா, அதக் கழட்டிருங்கக்கா. நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு சொல்றாரு. நானும் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். எங்கப்பாவ போவ வுடுங்க" என்றாள். மாவட்டத்திலிருந்து பாட்டோடு புது அறிவிப்பு வந்து மேசையிலேயே கிடந்தது. அன்றைக்கே மாற்றினேன். மாற்றும் முன்பு உரக்கிடங்கில் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். இருமினார், நாளைக்கு வரேன் என்றார்.

மறுநாள் வண்டியோடு நானும் போனேன். புதுப் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. மேஸ்திரி வீட்டைத் தாண்டி வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது, மகள் வெளியே வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பச்சைக் கூடையும் நீலக் கூடையும் இரண்டு கையிலுமாக ஓடி வருகிறாள். மூச்சு வாங்க நின்று, வண்டிக்கு மேலே ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இன்னிக்கு வரலியா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே தெரிந்தது. நான் கூடைகளை வாங்கிக் கொட்டினேன். அவளைக் கூட்டிக்கொண்டு வாசல்வரை போய், வெறும் கூடைகளைப் படியில் வைத்தேன். போயிட்டு நாளைக்கு வரேன் என்று வாய்வரை வந்தது. சாவு வீட்டிலிருந்து வருவது போல, ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.