ஒட்டகத்தின் இன்னொரு கண்

ஹஜ்ஜிலிருந்து அக்கா நஃபீசா மறுநாள் வந்துவிடுவாள். எகிப்தின் நைல் கரைக் குர்னா கிராமத்தில் ஹஜ் போனவர் வீட்டுச் சுவரைப் பயணப் படம் வரையாமல் வெறுமையாக விடமாட்டார்கள். காலையிலிருந்து அவள் தம்பி பகீத் ஒட்டகம் வரைவதும் சுண்ணாம்படித்து அழிப்பதுமாக அல்லாடினான். எதிரே கட்டியிருந்த ஒட்டகத்தைப் பார்த்துத்தான் வரைந்தான். ஆனாலும் பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண்ணும் வந்து உட்கார்ந்துகொண்டன.

"மச்சான், இங்கேருந்து ஒரு கண்ணுதானே தெரியுது?" என்றான் மனைவியின் தம்பி ஷஅபான்.

"தெரியலேன்னா இல்லேன்னு ஆயிடுமா? அக்கா ஒட்டகத்த நானே குருடாக்கவா?"

"அப்ப வயித்துக்குள்ள இருக்குற தீனியையும் வரைஞ்சிடுங்க."

பகீத் ஒரு கண்ணை அழித்தான். மனசு கேட்காமல், கட்டியிருந்த ஒட்டகத்தின் மறுபக்கம் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து தூரிகையை எடுத்தான், வைத்தான், மறுபடியும் போனான்.

மறுநாள் நஃபீசா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு கண்ணு அந்தப் பக்கம் இருக்குதில்லடா?"

"இருக்குக்கா. பாத்துட்டுத்தான் வந்தேன்."