எண்பது லிட்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் யாரையும் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரி நடக்கவில்லை. பட்டப்பகலில், ஒரு வெள்ளிக்கிழமை, 11:20-க்கு ஆரம்பித்து 12:24-க்கு முடிந்தது.

பத்தொன்பது மாதம் நைட் ஷிப்ட் பார்த்தவன் நான். ஒரு குளிர்பதனக் கிடங்கில் விடிய விடியத் தனியாகக் கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பேயும் வரவில்லை. தூக்கம்தான் போனது. வேலையை விட்டேன். அதற்கு முன்பு படிப்பை விட்டிருந்தேன். எதையும் பாதியில் விடுகிறவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். இன்னொரு பெயர் ராக்கோழி. அது மாமா வைத்தது.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். அவரும் அக்காவும் பழைய படகு ஒன்றை வாங்கியிருந்தார்கள். இருபத்தேழு அடி. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சிங்க். அதிலேயே குடியிருப்பதாகத் திட்டம். சனிக்கிழமை வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பாப்பாவுக்கு ஏழு மாதம். தண்ணீர் சேராமல் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்து, ஊசி குத்தக் கையில் இடமில்லாமல் திரும்பி வந்த குழந்தை.

"குடிதண்ணி ஃபில்டர் மாட்டி முடிச்சாத்தான் அந்தப் படகுல நான் கால் வைப்பேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

"ராக்கோழி பகல்ல வேல பாக்குதாம். குடை எடுத்துக்கடி, மழை வரும்" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. "இந்த ஒண்ணையாவது முழுசா முடிச்சுடுடா. பாப்பா குடிக்கிற தண்ணி."

வெள்ளிக்கிழமை காலை 9:10-க்குப் படகில் ஏறினேன். ஏறினால் படகு நம் பக்கம் லேசாகச் சாயும், பிறகு நிமிரும். எந்தப் படகும் அப்படித்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு சாதாரணமானது. கட்டிலுக்கு அடியில் எண்பது லிட்டர் டேங்க். அதிலிருந்து பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப். பிறகு இரண்டு ஃபில்டர். பிறகு ஒரு மீட்டர். ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிவதற்காக, எத்தனை லிட்டர் போனது என்று அது காட்டும். கடைசியில் சிங்க் குழாய். குழாயைத் திறந்தால் பம்ப் தானாக ஓடும். மூடினால் தானாக நிற்கும். யாரும் தண்ணீர் எடுக்காதபோது ஓடவே கூடாது.

பழைய குழாயைக் கழற்றினேன். வெள்ளை பிளாஸ்டிக். அதன் மூக்கில் பள்ளங்கள் இருந்தன. மேலே நான்கு, கீழே மூன்று. எலி கடித்திருக்கும் என்று நினைத்துப் பையில் போட்டேன்.

சிங்க்குக்குக் கீழே தரையில் நான்கு திருகாணி ஓட்டைகள் தெரிந்தன. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, இங்க முன்னாடி கால் பம்ப் இருந்திருக்கு. கரண்ட் இல்லாட்டியும் மிதிச்சா தண்ணி வரும். ஒண்ணு வாங்கட்டுமா?"

"இடத்த அடைக்கும்டா. பேட்டரி புதுசுதானே? விடு."

விட்டேன்.

11:05-க்கு எல்லாம் முடிந்தது. புது ஸ்டீல் குழாய். டேங்க் விளிம்புவரை தண்ணீர். குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றி, மூடி, மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு இணைப்புக்குக் கீழும் டிஷ்யூ காகிதம் விரித்தேன். ஒரு சொட்டுக் கசிந்தாலும் அதில் தெரிந்துவிடும். பிறகு மல்லாந்து படுத்து, தலையைச் சிங்க் அலமாரிக்குள் விட்டு டார்ச்சோடு காத்திருந்தேன்.

11:20. பம்ப் ஓடியது.

கர்ர்ர்... மூன்று நொடி. நின்றது.

எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்தேன். டிஷ்யூவைத் தொட்டேன். எல்லாம் உலர்ந்திருந்தன. எழுந்து பார்த்தேன். குழாய் மூடியிருந்தது. சிங்க்கில் ஈரமில்லை. மீட்டரைப் பார்த்தேன். 0.2. ஒரு தம்ளர் அளவு.

11:34. கர்ர்ர்... மூன்று நொடி. 0.4.

11:41. 0.6.

படகின் அடிவயிற்றுப் பலகையைத் தூக்கி உள்ளே கைவிட்டுத் துழாவினேன். புழுதிதான் ஒட்டியது. தண்ணீர் எங்கேயும் போகவில்லை. ஆனால் போய்க்கொண்டிருந்தது.

வேலையில் ஏதோ கோளாறு. அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக. மறுபடி அலமாரிக்குள் தலையை விட்டுப் படுத்தேன். பம்ப் ஃபியூஸ் உள்ளே பக்கவாட்டில் இருந்தது. அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். இனி ஓட வழியில்லை.

11:52. படகு சாய்ந்தது.

யாரோ ஏறுகிறார்கள். "யாரு? மாமாவா?" என்றேன். காலடிச் சத்தம்கூட இல்லை. ஏறியவர் நின்றால் படகு நிமிர வேண்டும். நிமிரவில்லை. சாய்ந்தபடியே இருந்தது. நான் படுத்திருந்த பக்கமாக.

எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் படுத்திருந்தால் எப்படிச் சாயுமோ, அப்படி.

என் தலை அலமாரிக்குள். என் கால்கள் மட்டும் வெளியே. இடது முட்டியில் மட்டும் ஜில்லென்று இருந்தது.

தரையைச் சுரண்டும் சத்தம்... சர்ர்... நின்றது... சர்ர்... இழுத்து இழுத்து. என் இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, சிங்க்கை நோக்கி மேலே.

டக்.

குழாயின் கைப்பிடி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காலையில் நானே பத்துத் தடவை திறந்து மூடியிருக்கிறேன்.

தண்ணீர் வரவில்லை. ஃபியூஸ் என் கையில்.

பிறகு அது கேட்டது.

உறிஞ்சும் சத்தம். காலிக் குழாயை உறிஞ்சும் சத்தம். நிறுத்தாமல்... மூச்சு வாங்காமல்...

என் முகத்துக்கு ஒரு சாண் மேலே.

12:04. ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். ஃபியூஸைத் திரும்பச் செருகினேன்.

கர்ர்ர்ர்ர்ர்...

நிற்கவில்லை. கண்ணாடி போன்ற ஃபில்டர் கூட்டுக்குள் தண்ணீர் சுழன்றது. மீட்டர் ஓடியது. 3. 5. 9.

மறுபக்கமாக ஊர்ந்து வெளியே வந்தேன். குழாயைப் பார்த்தேன்.

தண்ணீர் மூக்குவரை வந்தது. மூக்குக்குக் கீழே இல்லை.

சிங்க் காய்ந்திருந்தது.

30. 52. 71.

குனிந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

80.

பம்ப் வெறுமனே அலறியது. டக். குழாய் மூடிக்கொண்டது. பம்ப் நின்றது.

படகு மெல்ல நிமிர்ந்தது.

12:24.

டேங்க்கைத் தட்டினேன். பானை மாதிரி ஒலித்தது.

படகுத்துறையில் எப்படி வந்து நின்றேன் என்று நினைவில்லை. அங்கே வெல்டர் ஒருவர் நங்கூரம் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார்.

"தண்ணி கேட்டாரா?" என்றார்.

"யாரு?" என்றேன்.

"பழைய ஓனர். தனியாத்தான் போவாரு. நடுக்கடல்ல எஞ்சின் நின்னு போச்சு. ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பேட்டரியும் செத்துப்போச்சு. படியில வழுக்கி விழுந்ததுல இடுப்பு ஒடஞ்சிடுச்சு. ஒம்பது நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சாங்க. சிங்க்குக்குக் கீழ வரைக்கும் இழுத்துக்கிட்டே வந்திருக்காரு. எட்டி வாய வெச்சுக் குழாயக் கவ்வுன மேனிக்கு..." முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "டேங்க் ஃபுல்லா இருந்துச்சு தம்பி. எண்பது லிட்டர். ஆனா டேங்க் மூடி கட்டில் பலகைக்கு அடியில. இடுப்பு ஒடஞ்ச மனுசன் எப்படித் தூக்குவான்?"

"கால் பம்ப் இருந்திருந்தா?" என்றேன்.

"கையால அமுக்கியிருந்தாலும் வந்திருக்கும்." கையுறையைக் கழற்றினார். "நான்தான் கழட்டிக் குடுத்தேன், அவரு போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. இடத்த அடைக்குதுன்னாரு."

தன் கொட்டகைக்குப் போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. எண்ணெய் போட்டு, துருப்பிடிக்காமல் வைத்திருந்தார்.

"மாட்டிடு. நான் ஏற மாட்டேன். கயித்தப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நிக்கிறேன்."

மாலை 4 மணிக்கு மாட்டினேன். அதே நான்கு ஓட்டைகள். டேங்க்கை மறுபடி நிரப்பிக் காத்திருந்தேன். பம்ப் ஓடவில்லை. மீட்டர் பூஜ்யத்திலேயே நின்றது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம்.

முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை அக்கா பாப்பாவோடு ஏறினாள். படகு அவள் பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. நான் மூச்சு விட்டேன். மாமா கால் பம்பைப் பார்த்துவிட்டு, "சொன்னா கேக்க மாட்டியேடா" என்றார். அக்கா ஒரு துணியை எடுத்துக் குழாயைத் துடைத்தாள். துடைத்த கை நின்றது.

"ஏண்டா, புதுக் குழாய்தானே இது? மூக்குல என்ன இது?"

குனிந்து பார்த்தேன். மேலே நான்கு. கீழே மூன்று. இது ஸ்டீல்.

"ஸ்பேனர் பட்டுடுச்சுக்கா" என்றேன்.

"ஒரு வேலையாச்சும் ஒழுங்கா செய்ய மாட்டியா நீ?" என்று சிரித்தாள். பாப்பாவின் பால் பாட்டிலைக் குழாய்க்குக் கீழே பிடித்தாள்.

டக். கர்ர்ர்... மூன்று நொடி. பாட்டில் காய்ந்தே இருந்தது.